காட்டு டாக்டருக்கு டோக்கன் போட்டவள்

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை இருக்கே, அதில் வலி நோயாளிக்கு, மரியாதை டாக்டருக்கு, திட்டு மட்டும் நமக்கு. இந்த வேலையில் இருக்கிற அக்கா தங்கச்சிமார் யாராவது இதைப் படிச்சா ஒரு தடவை தலையை ஆட்டுங்க, எனக்கு அது போதும்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை கிடைச்சு ஓசூர் வந்தோம். வீட்டில் சும்மா உட்கார முடியாம டாக்டர் சிவபாதத்தின் கிளினிக்கில் சேர்ந்தேன். டாக்டர் இலங்கைக்காரர். தேயிலை மலையில் பிறந்து, வாலிப வயசில் கலவரத்துக்குத் தப்பி வந்து, இந்தப் பக்கம் படிச்சு, குளிர் பிடிச்சுப்போய் ஓசூரிலேயே தங்கிட்டவர். பேச்சு மட்டும் கடைசி வரை மாறலை. காடு, மேடு, ஏரி, பறவைன்னா மனுஷனுக்கு உயிர். அதனால ஊரில் அவருக்குக் காட்டு டாக்டர்னு பேர்.

அவர் மனைவி தவறின பிறகு, கனடாவில் இருக்கிற மகள் "இங்க வந்துடுங்கப்பா"ன்னு போனில் நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. அந்த போன் வரும்போதெல்லாம் நான் கதவோரமா நின்னு காது கொடுப்பேன். இவர் கிளம்பிட்டா எங்க கதி என்ன?

ஊசி இல்லாத வைத்தியம்

தளியிலிருந்து ராமக்கான்னு ஒரு அம்மா வந்தாங்க. கோஸ் தோட்டம் வச்சிருக்கிறவங்க. ஜலதோஷம், மூக்கு ஒழுகல். உள்ளே போய் ரொம்ப நேரம் ஆளைக் காணோம். வெளியே பெஞ்சு நிறைய கூட்டம், எல்லாரும் என்னையே முறைக்கிறாங்க. எட்டிப் பார்த்தா, கோஸ் தோட்டத்துக்கு என்னென்ன பறவை வருதுன்னு டாக்டர் விசாரிச்சிக்கிட்டு இருக்கார்!

கடைசியில், "கஞ்சி குடியுங்கோ, காலமை வெயில்ல கொஞ்சம் இருங்கோ, தானா மாறிடும்"னு சொல்லி அனுப்பிட்டார். அந்த அம்மா வெளியே வந்து, ஊசி போட்டாங்களோ மறந்துட்டோமோன்னு ரெண்டு கையையும் தடவிப் பார்த்தாங்க. தேவையில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மான்னு நான்தான் சமாதானம் சொன்னேன். வந்த கோபத்தைப் பாருங்க: "அய்யோ தேவுரே! ஊசி போடாத டாக்டருக்கு எதுக்கும்மா இத்தாம்பெரிய போர்டு?"

வெறும் வயித்தோட ஒரு ஞாயிறு

செல்வராஜ் திருநெல்வேலிக்காரர், ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சுகர் ஏறிப்போய் வந்தார். டாக்டர் அவரிடம், "ஞாயிறு காலமை கெலவரப்பள்ளி அணைக்கு வாங்கோ. சாப்பிடாம வாங்கோ. உங்கட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ"ன்னார். நடந்துட்டு எல்லாருமா சேர்ந்து சாப்பிடலாம்கிறது டாக்டர் மனசில் இருந்தது. அதை வாயால சொல்லணுமா இல்லையா?

கம்பெனிக்குக் கம்பெனி மெடிக்கல் கேம்ப் நடக்கிற ஊர் இது. வெறும் வயித்தோட வான்னு டாக்டர் சொன்னா நம்ம ஆளுங்க என்ன நினைப்பாங்க? பாதி ஷிப்ட் வந்து நின்னுச்சு. கழுத்தில் ஐடி கார்டு, கக்கத்தில் பழைய ரிப்போர்ட். ஒருத்தர் கேரி பேக்கில் சுத்தி ஒரு சின்ன பாட்டிலே கொண்டு வந்திருந்தார். அதில் என்ன இருந்ததுன்னு நான் சொல்ல வேண்டாம். டாக்டர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாம அணைப் பக்கம் திரும்பிக்கிட்டேன். நல்லவேளை, கழிவுத் தண்ணி கலந்து அடிக்கடி நுரை பொங்குற அந்த அணையில் அன்னைக்கு நுரை இல்லை.

டாக்டர் அசரலையே! பைனாகுலரை மாட்டிக்கிட்டு மொத்தக் கூட்டத்தையும் கரையோரமா நடத்திக் கூட்டிட்டுப் போனார். நீர்க்காகம், நாமக்கோழி எல்லாம் காட்டினார். திரும்பி வந்ததும் நான் கொண்டு போன இட்லியை எல்லாருக்கும் கொடுத்தேன். செல்வராஜ் நல்லா சாப்பிட்டு, கையைக் கழுவிட்டு என்கிட்ட மெதுவா வந்து கேட்டார்: "இட்லில்லாம் சரிதான்க்கா, ரத்தம் எப்ப எடுப்பாவ?"

யானைக்கு முதல் டோக்கன்

அதுக்கப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை நடை நிற்கவே இல்லை. ஆனா டாக்டருக்கு ஞாயிறு பத்தாது. ஒரு வார நாளில் கிளினிக் திறக்கிற நேரம் தாண்டியும் ஆள் வரலை, போனும் கிடைக்கலை. உத்தனப்பள்ளி மாரப்பா வயித்துவலியில் பெஞ்சில் சுருண்டு கிடக்கிறார். முன்னே அடுத்தவங்க காட்டில் கூலி வேலை பார்த்தவர், இப்போ ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்தது.

ஒருவழியா வந்து சேர்ந்தார். பேண்ட் பூரா சேறும் முள்ளும். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பிள்ளை, உத்தனப்பள்ளிப் பக்கம் யானை நிக்குது! குட்டியும் நிக்குது!" "இங்க ஒரு மனுஷன் துடிக்கிறார் டாக்டர்"னு நான் கத்தினேன். துடிச்ச மனுஷன் எழுந்து உட்கார்ந்துட்டார். "நம்மூர்லயா சார்? தக்காளி போட்ட பக்கமா, கேவுரு போட்ட பக்கமா? மொதல்ல அதச் சொல்லுங்க. வவுறு எங்கியும் ஓடிப்போவாது."

கனடா டிக்கெட்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டாக்டருக்கு மாரடைப்பு வந்தது. பெங்களூரில் ஸ்டென்ட் வச்சாங்க. மகள் பறந்து வந்தா, கையோட அப்பாவுக்கும் டிக்கெட். "நீங்க சொன்னா கேட்பார்க்கா. தனியா இருக்கிற மனுஷனுக்கு திடீர்னு ஏதாவது ஆனா யார் பார்ப்பாங்க?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு வலிச்சது. டாக்டரிடம் போய் நின்னேன். "ஒருக்கா ஊரை விட்டிட்டு வந்தனான். இன்னொருக்கா ஏலாது பிள்ளை"ன்னார். மருந்து வைக்கிற அறைக்குள் போய் அழுதுட்டு வந்தேன்.

மகளும் விடலை, டிக்கெட்டை அப்படியே வச்சிருந்தா. விமானத்துக்கு முந்தின ஞாயிறு, டாக்டர் அணைக்குப் போயே தீரணும்னு நின்னார். அப்பா எங்கே விழுந்துடுவாரோன்னு மகளும் கூடவே வந்தா. செல்வராஜ், யானைக்கு அப்புறம் நடையில் சேர்ந்துட்ட மாரப்பா, எல்லாரும் வந்திருந்தாங்க. கொஞ்ச தூரம் போனதும் செல்வராஜ் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினார். எல்லாரும் நின்னோம், டாக்டரும் நின்னு மூச்சு வாங்கிக்கிட்டார். மறுபடி நாலு எட்டு, இன்னொருத்தருக்கு லேஸ் அவிழ்ந்தது. அப்புறம் இன்னொருத்தருக்கு. "என்னக்கா இவங்க, ஒரு லேஸ் ஒழுங்கா கட்ட மாட்டாங்களா?"ன்னு மகள் எரிச்சல்பட்டா.

அப்போ மாரப்பா குனிஞ்சார். ரொம்ப நேரம் எதையோ இழுத்து இழுத்துக் கட்டினார். அவர் போட்டிருந்தது ஹவாய் செருப்பு.

மகள் அந்தக் காலைப் பார்த்தா. நின்னு மூச்சு வாங்குற அப்பாவைப் பார்த்தா. கண்ணு நிறைஞ்சு போச்சு அவளுக்கு. டாக்டர் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே அவளிடம் சொன்னார்: "பார்த்தியோ பிள்ளை, லேஸ் கட்டத் தெரியாத இவ்வளவு பேரையும் விட்டிட்டு நான் எப்பிடிக் கனடாவுக்கு வாறது?"

மகள் தனியாத்தான் விமானம் ஏறினா, டாக்டர் கடைசி மூச்சு வரை ஓசூரிலேயே இருந்தார், நாங்க இன்னைக்கும் ஞாயிறு தவறாம அணைக்கு நடக்கிறோம், அதிசயத்தைப் பாருங்க, இப்போ ஒருத்தருக்கும் லேஸ் அவிழ்றதே இல்லை.