எஸ்தர் அக்காவுக்கு ஒரு சாட்சி

செய்தி வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். முதல் ஷிஃப்டுக்குப் போகிற பஸ், ஓசூர் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றிருந்தது. எஸ்தர் அக்காவின் மகள் ரூத் போனில், "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தேறி வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தோம். தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப்பில், அடுத்தடுத்த மெஷினில், பல வருடங்கள் நின்றவர்கள் நாங்கள் இருவரும். டிரைவரிடம் கதவைத் திறக்கச் சொல்லி நடுரோட்டிலேயே இறங்கிவிட்டேன்.

நம் சபையில் அடக்கத்துக்கு முன்னால், இறந்தவரை அறிந்தவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். அன்று முதலில் எழுந்தவர் மூப்பர். சகோதரிக்கு உலக வேலை அதிகம், ஓய்வுநாளில் ஆண்டவரைத் தேட நேரமில்லாமல் போய்விட்டது, இது நமக்கெல்லாம் ஓர் எச்சரிப்பு என்று பேசினார். அடுத்து நான் கையைத் தூக்கினேன். நேரமாகிறது என்று சொல்லிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டியை மூடினார்கள். அன்று மாலை ரூத் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "அத்தை, அம்மா ஆண்டவர விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. இப்போது கோபம் வருகிறது. கோபத்தில் பேச்சு நன்றாக வரும்; அன்று சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

சபையாரே, எஸ்தர் அக்கா ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்பது உண்மைதான். எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு நாள் வார விடுமுறை; எனக்கு ஞாயிறு, அவருக்குப் புதன்கிழமை. மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். புதன்கிழமைகளில் கோயிலுக்கு வந்து பார்த்தால் கதவு பூட்டியிருக்கும். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்படியே சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். நான் ஒருமுறை வருத்தப்பட்டபோது சிரித்தார். "பூட்டு நமக்குத்தான் செல்வி. அவரு என்னா உள்ளயேவா உக்காந்துனு இருக்காரு? எங்கூட சந்தைக்கு வந்துட்டாரு" என்றார்.

அவர் ஒன்றும் வானத்திலிருந்து இறங்கி வந்தவர் இல்லை. கல்லாவி என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர், வாய் நீளம். பஸ் டிரைவரோடு சண்டை போடாத வாரம் கிடையாது. எப்போதாவது ஞாயிறு லீவு கிடைத்து ஆராதனைக்கு வந்தால் பிரசங்கத்தில் தூங்கிவிடுவார், குறட்டையோடு. கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடி, சத்தமாகவே ஜெபிப்பார். "ஆண்டவரே, இதச் சாம்பாருன்னு சொல்றாங்க. நானும் விசுவாசிக்கிறேன். ஆமென்." பக்கத்தில் சாப்பிடுகிற கன்னடக்காரப் பெண்களுக்கும் இந்த ஜெபம் மனப்பாடம். அவர்களும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் சோற்றைப் பிசைவார்கள்.

இனி நான் அன்று சொல்ல இருந்ததைச் சொல்கிறேன். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு, இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. உற்பத்தி குறைந்தால் சிலர் என்ன செய்வார்கள் என்றால், ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகி அழுந்தியபடியே நிறுத்திவிடுவார்கள். ஒரு கை பட்டனில் இருக்கும், மறு கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலை ஓடும். ஒரு நொடி கவனம் பிசகினால் கையும் ஓடிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சூப்பர்வைசர் வந்து என் மெஷினில் கட்டையைச் செருகிவிட்டு, இப்படியே ஓட்டு என்று சொல்லிப் போனார். அவர் நாலடி தாண்டுவதற்குள் எஸ்தர் அக்கா தன் மெஷினை விட்டு வந்து, என் மெயின் சுவிட்சை அணைத்து, கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லைன் முழுக்க நின்றுபோனது. சூப்பர்வைசர் திரும்பி வந்து, "புரொடக்‌ஷன் யாரு குடுப்பா?" என்று கத்தினார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"கைய யாரு குடுப்பா?"

சூப்பர்வைசர் அப்போதைக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆனால் மறுநாளே அக்காவை மெஷினிலிருந்து எடுத்துக் கழிவுத்தகடு அள்ளுகிற வேலைக்கு மாற்றினார். அந்த வெயில் காலம் முழுக்க அக்கா தகடு அள்ளினார். கை முழுக்கக் கீறல். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பழைய இடம் தருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். எழுதவில்லை. கடைசியில் ஆள் பற்றாக்குறை வந்து அவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு யாரும் எங்கள் லைனில் கட்டை செருகவில்லை.

ஆண்டவர்தான் என் கையைக் காப்பாற்றினார் என்று ஒருநாள் நான் உருகினேன். அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "கட்டையப் புடுங்கனது நானுடி. ஊரான் புள்ள கைக்காக எனக்கு ஏன் வயிறு பத்திக்கினு வந்துச்சின்னு கேளு. அந்த எடத்துலதான் அவரு நின்னுனு இருந்தாரு." பிறகு பட்டன்களைக் காட்டிச் சொன்னார்: "ரெண்டு கையையும் இதுல வெக்கறப்ப வேற எதையும் புடிக்க முடியாது இல்ல? எனக்கு அதுதான் ஜெபம்." ஷிஃப்ட் முடிகிறவரை அப்படி ஜெபித்தவர் அவர். மூப்பர் ஐயா, நீங்களும் நானும் வாரத்துக்கு ஒருமுறை கை கூப்புகிறோம். அவருக்கு நேரமில்லை என்று இனியொரு முறை யாரும் என் முன்னால் சொல்ல வேண்டாம்.

ரூத், உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன் அம்மா ஆண்டவரை விடவில்லை கண்ணு. பூட்டின கதவுக்கு வெளியே அவரைக் கண்டுபிடித்துக் கூடவே வைத்துக்கொண்டார். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் உண்டு. வருகிற ஞாயிறு எனக்கு லீவு. சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பேன். பேச விட்டால் பேசுவேன். பாட்டை ஆரம்பித்தால் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு பாட்டு முடிகிற வரை நிற்பேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து விரலும் இருக்கும்.