பை பார்த்துக்கொண்ட சேசம்மாள்

சேசம்மாள் போகாத ஊர் இல்லை. பார்த்த ஊர்தான் ஒன்றும் இல்லை. எலிபெண்டாவுக்குப் போயிருக்கிறாள், படகுத்துறையில் உட்கார்ந்திருந்தாள். மகாபலேஷ்வருக்குப் போயிருக்கிறாள், வண்டி நிறுத்துமிடத்தில் வெங்காயம் நறுக்கினாள். மாத்தேரானில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குரங்கு. பூரிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய அந்தத் திருட்டு முகத்தை இன்றைக்கும் அடையாளம் காட்டுவாள்.

குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு இது புரியும். எங்கே போய் இறங்கினாலும் யாராவது ஒருத்தர் பைகளோடு உட்கார வேண்டும். எல்லா வீட்டிலும் அது ஆளுக்கு ஆள் மாறும். இந்த வீட்டில் மட்டும் மாறவே இல்லை. கல்யாணமாகி தாராவிக்கு வந்த வருஷத்தில் நாத்தனார் ஜான்சி அவள் மடியில் முதல் பையை வைத்தாள். "ஏட்டி சேசு, பையப் பாத்துக்கோ. இப்ப வந்துருதோம்" என்றாள். அந்த 'இப்ப' என்பது இரண்டு மணி நேரம், சில ஊர்களில் மூன்று.

வண்டியைப் பூட்டிவிட்டுப் போனால் என்ன என்று கேட்கலாம். ஜான்சி பூட்டை நம்ப மாட்டாள், டிரைவரை நம்ப மாட்டாள், தன் நிழலையும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். சேசம்மாளை மட்டும் நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்து ஆரம்பத்தில் இவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பைத்தியக்காரி!

வார நாட்களில் அவளுக்கு வேலையே பைதான். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தோல் பட்டறையில் பைகளுக்கு ஜிப் தைத்தாள். சனி ஞாயிறு டிரிப் என்றால் முதல் நாளே புளிசாதம் கிளறி, பூரி பொரித்து, அவற்றையும் பைகளில் அடுக்கி, அந்தப் பைகளுக்கே காவல் இருந்தாள். புருஷன் ஞானசீலன் நல்ல மனுஷன்தான். ஆனால் அவரைப் பதினைந்து வயதில் ஊரிலிருந்து கூட்டி வந்து, செம்பூர் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, வேலையும் வாங்கிக் கொடுத்தவள் அக்கா ஜான்சி. அக்கா சொன்னால் அவருக்கு அது வேத வாக்கு. "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இருக்கேன்" என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

இதையெல்லாம் சேசம்மாள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது போன மே மாதம், ஜான்சியின் மகள் ரீனா கல்யாணத்தில்.

வரவேற்பில் பெரிய திரை வைத்து, குடும்பம் போன டிரிப் படங்களை ஓடவிட்டார்கள். அருவி, கோட்டை, கடற்கரை, குதிரைச் சவாரி. எல்லாரும் இருந்தார்கள். ஒரு படத்தில் டிரைவரின் தோள்பட்டைகூட இருந்தது. சேசம்மாள் ஒன்றில்கூட இல்லை. மாப்பிள்ளை ஏஞ்சலோவின் அம்மா அதைக் கவனித்துவிட்டு, "உங்க தம்பி சம்சாரம் டிரிப்புக்கெல்லாம் வர மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அவ எங்க வந்தா? அவளுக்கு ஊர் சுத்துறதுல இன்ட்ரெஸ்ட்டே இல்ல" என்றாள் ஜான்சி.

சேசம்மாள் பக்கத்திலேயே ஜூஸ் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டை அங்கேயே கவிழ்த்திருப்பாள். ரீனாவின் முகத்துக்காக விட்டாள். அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: இரு மகளே, இரு. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்.

அதன்பிறகு கோயிலில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியிலிருந்து மறுபடி சேர்ந்துகொள்வாள். ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாதல்லவா?

ஆகஸ்டில் புது மாப்பிள்ளைக்காக ஒரு டிரிப் போட்டாள் ஜான்சி. பால்கர் பக்கம் ஜவ்ஹார். மலை, அருவி, ராஜா கட்டிய அரண்மனை. சனிக்கிழமை அருவியும் சன்செட் பாயிண்டும், ராத்திரி லாட்ஜ், ஞாயிற்றுக்கிழமை அரண்மனை. ஜான்சியின் புருஷன் எட்வின் அண்ணாச்சிக்கு டியூட்டி என்று அவர் வரவில்லை. டிரைவர் வழக்கம்போல சிராஜ்.

சிராஜும் தாராவிதான், தென்காசிப் பக்கத்து ஆள். இத்தனை வருஷ டிரிப்பில் சேசம்மாளுக்கு அமைந்த ஒரே பேச்சுத் துணை அவன்தான். மற்றவர்கள் மலையேறிப் படம் எடுக்கும்போது இவர்கள் இரண்டு பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்து புளிசாதம் தின்றிருக்கிறார்கள். ஜான்சி டிரைவருக்கு மிச்சத்தைக் கொடு என்பாள். சேசம்மாள் முதல் தட்டையே அவனுக்குத்தான் போடுவாள்.

அருவி ரோட்டிலிருந்து நன்றாகக் கீழே இறங்கிப் போகிற இடத்தில் இருந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது, தண்ணீர்ச் சத்தம் மேலேயே கேட்டது. ஜான்சி நைட்டிக்கு மாறிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வசூல் பண்ணினாள். போன் நனைந்துவிடும், கொடு. பர்ஸைக் கொடு. ரீனா, சங்கிலியையும் வளையலையும் கழற்று, தண்ணியில அடிச்சிட்டுப் போயிரும். மாற்றுத் துணி, துண்டு, சாப்பாடு, எல்லாம் பைகளில் போய்ச் சேர்ந்தது. கடைசியாகத் தன் கூலிங் கிளாஸைக் கழற்றி மேலே வைத்தாள்.

"பையப் பாத்துக்கோட்டி. இப்ப வந்துருதோம்."

"நல்லா ஆற அமரக் குளிங்க மதினி" என்றாள் சேசம்மாள்.

நான்கு தலைகள் சரிவில் இறங்கி மறைந்தன: ஜான்சி, ரீனா, ஏஞ்சலோ, கடைசியில் ஞானசீலன். அவர் திரும்பிப் பார்ப்பாரா என்று சேசம்மாள் காத்திருந்தாள். திரும்பிப் பார்த்திருந்தால் அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள், சத்தியமாக. அவர் பார்க்கவில்லை.

அவள் பைகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினாள். பின் சீட்டில் அல்ல, முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"சிராஜு, வண்டிய எடு. சன்செட் பாயிண்டுக்குப் போவோம்."

சிராஜ் அவளைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான். "அவங்க, அக்கா?"

"குளிக்கட்டும். மலையடிவாரம், நல்ல காத்து. நான் இன்னிக்குப் பாக்கலன்னா செத்தாலும் பாக்க மாட்டேன். நீ வாரியா, இல்ல நான் பஸ்ஸு புடிக்கட்டுமா?"

சிராஜ் சாவியைத் திருப்பினான். "அப்புறம் என் கிராக்கி போச்சு. போனாப் போவுது! சலோ அக்கா."

போகிற வழியில் பஜாரில் நிறுத்தி டீ குடித்தார்கள். அவள் நின்றுகொண்டே குடித்தாள், மடியில் ஒரு பை இல்லாமல். சன்செட் பாயிண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாகக் கிடந்தது. மேகம் விலகி, சூரியன் சிவப்பாக இறங்கியது. இவ்வளவுதானா? இதையா இத்தனை வருஷம் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாய், பாவி? அவளுக்கு அழுகை வந்தது. உடனே ஆத்திரமும் வந்து அழுகையைத் துடைத்துவிட்டது. ஜான்சியின் கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டு, சிராஜைப் படம் எடுக்கச் சொன்னாள். ஒன்று போதாது, பத்து எடு என்றாள். முழுசாக அஸ்தமித்த பிறகுதான் வண்டியில் ஏறினாள்.

அருவிக்குத் திரும்பியபோது மசமசவென்று இருட்டியிருந்தது. ரோட்டோரத்தில் சோளக்கதிர் சுடுகிற கிழவரின் அடுப்பைச் சுற்றி நான்கு பேரும் குறுகி உட்கார்ந்திருந்தார்கள். ஜான்சி நனைந்த நைட்டிக்கு மேல் ஒரு யூரியாச் சாக்கைப் போர்த்தியிருந்தாள். ஒரு கதிர் வாங்கக் கையில் காசில்லை. கிழவர் பாவம் பார்த்து ஒன்று கொடுத்திருந்தார், அதை நான்காக உடைத்துத் தின்றிருந்தார்கள். சேசம்மாளுக்கு அந்தக் காட்சி சூரியாஸ்தமனத்தைவிட அழகாக இருந்தது.

"எங்கட்டி போன? நாசமாப் போறவளே! குளிர்ல வெறச்சுச் சாவுதோம், ஒரு போன் கெடையாது, ஒரு துணி கெடையாது! எங்கட்டி போன?"

"இப்ப வந்துருதேன்னுதான் போனேன் மதினி. வந்துட்டேன்லா" என்றாள் சேசம்மாள். கூலிங் கிளாஸை இன்னும் கழற்றவில்லை.

ஏஞ்சலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரீனா அவன் விலாவில் இடித்தாள், பிறகு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சேசம்மாள் எல்லாருக்கும் துண்டு கொடுத்தாள். புருஷனுக்குக் கடைசியாகக் கொடுத்தாள்.

"நீ செய்தது நியாயமா?" என்றார் ஞானசீலன், பல் கிட்டிக்க.

"இத்தன வருசமா நீங்க செய்தது நியாயமா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ போ, நான் இருக்கேன்னு சொல்லிருக்கீயளா? ஒங்க அக்காவ விடுங்க. நீங்க சொல்லிருக்கீயளா?"

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராத்திரி முழுக்க ஜான்சி தும்மினாள். பக்கத்து அறையில் சேசம்மாள் ஒவ்வொரு தும்மலையும் கேட்டுக்கொண்டே சுகமாகத் தூங்கிப் போனாள்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். பைகள் சீட்டில் இருந்தன. பழக்கதோஷத்தில் ரீனா தன் நகைப் பையை சேசம்மாள் பக்கம் நீட்டினாள்.

"அவகிட்டக் குடுக்காத!" என்று அலறினாள் ஜான்சி. "எடுத்துட்டுப் போயிருவா!"

"அப்ப நான் இருக்கேன்க்கா" என்றார் ஞானசீலன் மெதுவாக. சேசம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் கேட்கக் காத்திருந்த சொல் ஒருவழியாக வந்துவிட்டது.

"நீயா? ஒம் பொண்டாட்டி கண்ணக் காட்டுனா நீயும் வண்டியில ஏறிருவ. இந்த டிரைவரும் அவ கூட்டாளி." ஜான்சி பைகளைப் பார்த்தாள், எல்லார் முகத்தையும் பார்த்தாள். நம்ப ஒரு ஆள் மிச்சமில்லை. திரும்ப வண்டிக்குள் ஏறி, நகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "போயித் தொலைங்க. சீக்கிரம் வாங்க."

"இப்ப வந்துருதோம் மதினி" என்றாள் சேசம்மாள்.

ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றாள். மாடிக்குப் போய், பின்பக்கத்து முந்திரி மரங்களைப் பார்த்துவிட்டு, கீழே வந்து முதல் அறையை இன்னொரு தடவை பார்த்தாள். ஏஞ்சலோ அவளையும் ஞானசீலனையும் தூண்களுக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்து, அன்றைக்கு எடுத்த மற்ற படங்களோடு சேர்த்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினான்.

அவர்கள் வண்டிக்கு வந்து சேரும்போது ஏஞ்சலோவின் போன் அடித்தது. வீடியோவில் அவன் அம்மா. "படம் எல்லாம் ரொம்ப நல்லாருக்கு! எல்லாரும் இருக்கீங்க, சம்பந்தியம்மா மட்டும் ஒண்ணுலயும் காணோமே. அவங்க வரலியா?"

ஏஞ்சலோ திருதிருவென்று விழித்தான். சேசம்மாள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வண்டி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஜான்சி மடியில் பையோடு, மூக்கு சிவந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக எங்க வந்தாவ?" என்றாள் சேசம்மாள், ஜன்னலுக்குக் கேட்கும்படியாக. "அவுகளுக்கு ஊர் சுத்துறதுல இன்ட்ரெஸ்ட்டே இல்ல."