துவக்கோடு படுக்க ஒரு காடு

ஜெர்மனியில் ஹனோவருக்கு அருகே வன அலுவலகத்தில் வேலை செய்தபோது ஓர் ஈழத் தமிழரைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். நரைத்த மீசையை ஒட்ட வெட்டியிருந்தார். உட்காருவதற்கு முன் நாற்காலியைச் சுவரோடு நகர்த்தி, கதவு தெரியும்படி வைத்துக்கொண்டார். மேசையில் அரச காடுகளின் வரைபடத்தை விரித்தார்.

"தங்கச்சி, இதிலை எந்தக் காட்டிலை கூடாரம் இல்லாமல் ரெண்டு இரவு படுக்கலாம்? துவக்கும் கொண்டுபோக வேணும்."

துப்பாக்கியோடு வேட்டையாடுவதற்கான அனுமதிச் சீட்டையும் எடுத்துக் காட்டினார். புதியது.

"துவக்கு வேட்டைக்கு மட்டும்தான் அண்ணை. அதோடை காட்டிலை தங்க ஏலாது."

"ஒரு காட்டிலையுமோ?"

"ஓம் அண்ணை. துவக்கு ஏன் உங்களுக்கு?"

அவர் கதவைப் பார்த்தபடியே சொன்னார். "சண்டை நேரம் வன்னிக் காட்டிலை அஞ்சு மாசம் படுத்தனான். துவக்கெல்லாம் மற்ற ஆக்களிட்டைதான் இருந்தது. அதுக்குப் பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. ஒருக்கா என்ரை கையிலை துவக்கோடை காட்டிலை படுத்தால் பயம் போகுமோ எண்டு பாக்கத்தான் இந்த வேட்டைச் சோதினை எடுத்தனான். மூண்டாம் தரம்தான் பாஸ் பண்ணினனான்."

"பகலிலை நடந்து பாக்கலாம் அண்ணை" என்றேன்.

"பகலிலை எனக்குப் பயமில்லை, தங்கச்சி."

வரைபடத்தை மடித்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார். பிறகு அவரை நான் காணவில்லை.

சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் பகலிலேயே கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர், அனுமதி கிடைத்திருந்தாலும் தூங்கியிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. அது அவருக்கும் தெரிந்திருக்குமோ என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.