மாமனார் கூடை

என் மனைவி அபிநயா வாயை அடக்குவாள். கையை அடக்கத் தெரியாது. சொல்ல முடியாததையெல்லாம் எங்காவது எழுதி வைத்துவிடுவாள்.

நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. தீவனத்தில் மக்காச்சோளம், சோயா, கருவாட்டுத் தூள் எது எவ்வளவு என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் நிரல் ஒன்றை எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறாள். நிரலை அடிக்கடி மாற்றுவாள். அதன் விளக்கப் பக்கத்தை மட்டும் மாற்ற மறந்துவிடுவாள். எடப்பாடிப் பண்ணைக்காரர் தீனதயாளன் ஒருநாள் கூப்பிட்டார். "ஏனுங்கம்மா, நிரலு ஒண்ணு சொல்லுது, பக்கம் ஒண்ணு சொல்லுது. எதைக் கேக்கறதுங்க?"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓர் ஏற்பாடு செய்தாள். இனி நிரலைத் திருத்தி ஏற்றினால் போதும். நிரலுக்குள்ளேயே அவள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைக் கம்ப்யூட்டரே திரட்டி, விளக்கப் பக்கமாக்கி வெளியிட்டுவிடும். முதல் பக்கம் வந்ததும் கூடத்தில் ஒரு ஆட்டம் போட்டாள். பெருமை தாங்காமல் தீனதயாளனுக்கும் அனுப்பினாள். அப்புறம்தான் நான் உட்கார்ந்து படித்தேன்.

"மாமனார் கூடை: எங்கள் பண்ணைக்கு மட்டும். மாமனார் எந்தக் கணக்கையும் நம்பாமல் ஒரு கூடை மக்காச்சோளம் கூடுதலாகக் கொட்டுவார். அதனால் அவருக்குத் தெரியாமல் ஒரு கூடையை முன்னாலேயே கழித்துவிடுகிறேன்."

தனக்கென்று எழுதிய குறிப்பு ஊருக்கே போய்விட்டது. அபிநயாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. திட்டுக்கு அஞ்சுகிறவள் இல்லை அவள். கம்ப்யூட்டரை நம்பாவிட்டாலும் மருமகளை நம்பிப் பண்ணைப் பொறுப்பைக் கொடுத்தவர் என் அப்பா வெங்கடாசலம். அந்த நம்பிக்கை போய்விடுமே என்றுதான் பதறினாள். அழிக்கலாம் என்று உட்காருவதற்குள் தீனதயாளன் அதைப் பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

அப்பா கையில் போனோடு பண்ணையிலிருந்து வந்து அதை அபிநயாவிடம் நீட்டினார். "இதென்ன சாமி?"

"தப்புத்தானுங்க மாமா. உங்ககிட்ட நேராச் சொல்லியிருக்கோணும்." அவள் குரல் உடைந்தது.

"தப்புத்தான். ஒரு கூடைன்னு எழுதியிருக்கற. உன்ற கணக்குல சோளம் கொறையுதேன்னு நானு ரெண்டு கூடையில்ல கொட்டிட்டு இருக்கறேன்!"

கோழிகள் ஏன் இப்படிக் கொழுக்கின்றன என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டது இதற்குத்தானா! எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அப்பாதான் முதலில் சிரித்தார். அபிநயா அழுதுகொண்டே சிரித்தாள்.

"இனி நீயும் கொறைக்காத, நானும் கொட்டல" என்று நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கழித்தலை நீக்கி நிரலை ஏற்றினாள். சற்று நேரத்தில் பக்கம் தானாகவே மாறியதை அப்பா உற்றுப் பார்த்தார்.

"அப்ப என்னையப் பத்தி நீ எதை எழுதுனாலும் ஊருக்கே தெரிஞ்சுருமா?"

"ஆமாங்க மாமா."

"அப்படீன்னா நல்லதா நாலு வார்த்தை எழுது சாமி. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."