செஞ்சியில் ஒரு மூன்று சுவர் வீடு

அணைக்கரையில் விடியற்காலைப் பேருந்தில் ஏறியபோதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. 1985, மே மாதம். என் அண்ணன் மகள் கமலாவுக்குச் செஞ்சியில் வரன். சைக்கிள் கடை வைத்திருக்கும் சேகர் பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. இப்போது நானும் அண்ணனும் அவர்கள் வீட்டைப் பார்க்கப் போகிறோம். "அப்பா எதையாவது சொல்லித் தட்டிக் கழிச்சுடுவார் அத்தை. நீதான் பார்த்துக்கணும்" என்று கமலா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

விழுப்புரத்தில் வண்டி மாறினோம். அங்கிருந்து செஞ்சி நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் தலைக்கு மூன்றரை ரூபாய். பாதி வழியில் ஜன்னலோரத்தை அண்ணனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். உயரம் என்றால் ஆற்றங்கரைதான். இங்கேயோ, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டு அடுக்க மறந்துபோன மாதிரி, பாறைமேல் பாறையாக மலைகள்! வெட்கமில்லாமல் வாயைப் பிளந்து பார்த்தேன். அண்ணனோ முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, இதெல்லாம் உருளாதா?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"ராஜா காலத்துலேர்ந்து இப்டியேதான் நிக்குது சார். சந்தேகம்னா நீங்களே போயி ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க."

பேருந்தே சிரித்தது.

பதினொரு மணிக்குச் செஞ்சி. பேருந்து நிலையத்துக்கே சேகர் வந்து அழைத்துப் போனார். செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடிவாரத்தில் வீடு. முன்னாலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டு வீடுதான். உள்ளே போனால், மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் பேருந்து அளவுக்கு ஒரு பாறை! கூரையின் ஒரு பக்கம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க, கூரைக்கு மேலே பாறையில் புருவம் போல வளைவாக ஒரு பள்ளக் காடி வெட்டி, தண்ணீரைக் கொல்லைத் தொட்டிக்குத் திருப்பியிருக்கிறார்கள். சமையலறை உரலும் அந்தப் பாறையிலேயே குடைந்ததுதான். எந்தத் திருடனாலும் தூக்கிக்கொண்டு போக முடியாது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. நான் பாறையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. மனசுக்குள் அப்போதே கமலாவுக்குத் தாலி கட்டி முடித்துவிட்டேன்.

அண்ணன் மட்டும் நாற்காலியை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். காப்பி வந்ததும் வாயைத் திறந்தார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. தலைமாட்டுல இவ்வளவு பெரிய பாறையை வச்சுக்கிட்டு ராத்திரி எப்படித் தூங்கறீங்க? பொண்ணைக் கொடுக்கறவன் கேக்கணுமில்ல?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சேகரின் அம்மா கன்னியம்மாள் கோபப்படவில்லை.

"கேளுங்கண்ணா, இன்னா தப்பு? நானும் ஒன்னு கேக்கணும்னுதான் இருந்தேன். உங்க வூட்டுக்குப் பின்னால கொள்ளிடமாமே? வெள்ளம் வூட்டுக்குள்ளயே வந்துடுதாமே, மெய்யா?"

"அது ஐப்பசில வரும்" என்றார் அண்ணன், விருந்தாளி வருவதைச் சொல்வதுபோல. "முழங்கால் மட்டுந்தான். நெல்லைப் பரண்ல ஏத்திட்டு நாங்களும் ஏறிக்குவோம். ரெண்டு நாள்ல வடிஞ்சுடும்."

கன்னியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐப்பசியிலயா? தலை தீவாளிக்கு எம்புள்ள அங்கதான வந்து தங்கணும்? அவனுக்கு நீச்சலே தெரியாதே!"

பாறையைப் பார்த்து அண்ணன் வைத்திருந்த அதே முகத்தை இப்போது அந்த அம்மா அண்ணனைப் பார்த்து வைத்திருந்தார். வீடு பார்க்க வந்தவர்கள் நாங்கள். மாட்டிக்கொண்டது எங்கள் வீடு! கமலாவிடம் நான் என்ன பதில் சொல்வேன்?

"நான் பரண்மேல தீவாளி கொண்டாடினதே இல்லம்மா. போய்த்தான் பாக்கறனே" என்றார் சேகர்.

அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "கல்யாணம் ஆனதும் முதல் வேலையா மாப்பிள்ளைக்கு நானே நீச்சல் கத்துக்கொடுக்கறேன்!" அவர் வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்ற சொல் வந்தது அப்போதுதான்.

"ஆத்துல வாணாண்ணா, கெணத்துல கத்துக்குடுங்க" என்று கன்னியம்மாள் சிரித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். செருப்பை மாட்டப்போன அண்ணன் என்ன நினைத்தாரோ, மறுபடி உள்ளே போனார். இரண்டு கைகளையும் வைத்துப் பாறையை ஒரு தள்ளு தள்ளினார். "ம், தேறும்" என்றார்.

இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கமலா வாசலிலேயே நின்றிருந்தாள். கொல்லைக்கு அப்பால் நிலா வெளிச்சத்தில் கொள்ளிடம், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி, வெறும் மணலாகக் கிடந்தது.

"வீடு எப்படி அத்தை? பிடிச்சுதா?"

"அதை விடுடி. நம்ம வீட்டை அவங்க ஒத்துக்கிட்டாங்க, சாமி புண்ணியம்!" என்றேன்.