இஸ்டிச்சிங் செக்‌ஷன் சிரிப்பு

ஷூ கம்பெனியில தோலைத் தைக்கத்தான் ஊசி வேணும். ஆளைக் குத்த ஒரு சிரிப்பு போதும்.

ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனியில தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். ஒரு வார்த்தை வாயில நுழையாம நாலு பேர் முன்னாடி கேலிப்பட்டவங்க யாராவது இதைப் படிச்சா, உங்களுக்குத்தான் எழுதறேன். கோபமாத்தான் எழுதறேன்.

காலை மீட்டிங்

தினம் மிஷின் போடறதுக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு ஒரு மீட்டிங். அவங்கவங்க செக்‌ஷன் பேரைச் சொல்லி, முந்தின நாள் வேலையைச் சொல்லணும். பேர்ணாம்பட்டுலேர்ந்து கம்பெனி பஸ்ல வர்ற தமிழ்ச்செல்வி "இஸ்டிச்சிங்"னு ஆரம்பிச்சா. எங்க பக்கம் அப்படித்தான் வரும், ஸ்கூலே எங்களுக்கு இஸ்கூல்தான். புதுசா வந்த மேனேஜர் விடல. திரும்பத் திரும்பச் சொல்ல வச்சு, அவளை மாதிரியே பேசிக் காட்டினார். ஹாலே சிரிச்சுது.

அவ மூஞ்சி செத்துப்போச்சு. மிஷின்ல வந்து உக்காந்து, என்னை நிமிர்ந்துகூடப் பாக்காம கேட்டா: "நான் இன்னா வாயாலயாக்கா தைக்கிறேன்?"

அவர் சொன்னா

இதுல பேஜாரு என்னன்னா, அந்த மேனேஜர் நம்ம ஊர்க்காரர்தான். அவருக்கு 'ழ' வராது. அவளைக் கூப்பிடறதே "தமில்செல்வி"ன்னுதான். ஒருத்தர் சிரிச்சதில்ல. ஆர்டர் குடுக்கிற வெளிநாட்டுக்காரர் வந்தப்போ, ஆம்பூர்ங்கிற பேரே அவர் வாயில நுழையாம என்னமோன்னு சொன்னாரு. அதுக்குக் கை தட்டினோம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

செக்கிங்ல இருக்கிற ரோசி கை தட்டிக்கிட்டே என் காதுல சொன்னா: "அவங்களுக்கு வரலன்னா ஸ்டைலு, நமக்கு வரலன்னா காமெடி."

ஊசி

ஊசி உடைஞ்சா எங்ககிட்ட ஒரு ரூல் இருக்கு. மிஷினை நிறுத்தி, கையைத் தூக்கி, சத்தமாச் சொல்லணும். துண்டெல்லாம் தேடிச் சேர்த்து, முழு ஊசி ஆனாத்தான் புது ஊசி தருவாங்க. அதுவரைக்கும் மேஜைமேல இருக்கிற ஷூ எதுவும் நகரக் கூடாது. நாங்க தைக்கிறது குழந்தைங்க ஷூ.

அந்த வெளிநாட்டுக்காரர் இருந்த அன்னிக்குத்தான் தமிழ்ச்செல்வி மிஷின்ல ஊசி உடைஞ்சுது. அவரும் மேனேஜரும் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாங்க. கத்திச் சொல்ல வாய் வரல அவளுக்கு. கம்முனு குனிஞ்சு கீழே தேடினா. அதுக்குள்ள அடுத்த மேஜைக்காரி, அவ தைச்சு வச்ச ஷூ தட்டை எடுத்துட்டுப் போய்ட்டா. செக்கிங்ல இரும்பு பாக்கிற மிஷின் கத்துச்சு. கையளவு ஷூ ஒண்ணு, உள்துணியில ஊசி முனை.

ஏன் சொல்லலன்னு மேனேஜர் குதிச்சார். நாளையிலேர்ந்து வராதேன்னார். ரெண்டு பொண்ணுங்களை இந்த ஒரு வேலையை வச்சுத்தான் அவ வளக்கிறா. அழல. "சொன்னா சிரிப்பீங்களே சார்"னா.

என்ன சொல்றாங்கன்னு வெளிநாட்டுக்காரர் கேட்டார். அவ்வளவு இங்கிலீஷ் பேசற மேனேஜர் "நத்திங் சார்"னு மழுப்பினார். நான் முன்னாடி போய் நின்னு, எனக்கு வந்த இங்கிலீஷ்ல சொன்னேன்: சார் லாஃப், ஷீ ஃபியர், நோ டெல். தப்புன்னு எனக்கே தெரியும். அவர் சிரிக்கல. திரும்பி மேனேஜர்கிட்ட, அவளை வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னார். அவ வேலை தப்பிச்சுது.

மறுநாள் காலையில அதே மீட்டிங். தமிழ்ச்செல்வி முன்னாடி வந்து "இஸ்டிச்சிங்"னு சத்தமாச் சொல்லிட்டு நிறுத்தினா. மேனேஜரை நேராப் பார்த்துச் சொன்னா: "சிரிச்சு முடிங்க சார், மீதி வேலையை அப்புறம் சொல்றேன்."

உடைஞ்ச ஊசியைக் கண்டுபிடிக்க மிஷின் வாங்கி வச்ச கம்பெனி, குத்தின சிரிப்பைக் கண்டுபிடிக்க இன்னும் ஒண்ணும் வாங்கல.