அம்மா எடுத்துக்கொண்ட சேலை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராகச் சுற்றியதில் பல ஆறுகளில் குளித்திருக்கிறேன். எந்தப் படித்துறையானாலும் நாலு பழந்துணியை இழுத்துக் கரையில் போட்டுவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவேன். அத்தை ஆற்றில் விட்ட கத்தரிப்பூ நிறச் சேலையால் வந்த பழக்கம் அது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். ராதாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்று பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், நான்காவது ஐந்து மாதமாக இருந்தது. பாபநாசத்தில் முழுகி, உடுத்திய சேலையை ஆற்றோடு விட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறினால் தோஷம் கழியும் என்று சோசியர் சொல்லியிருந்தார். நல்ல சேலையாக இருக்க வேண்டுமாம். ஆற்றுக்குள் அந்தச் சேலை என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்மா மில்லில் இரவு ஷிப்ட் முடித்து அப்படியே பஸ் ஏறினாள். வழியெல்லாம் அத்தையின் சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வருடம் மழை பொய்த்து, ஆறு பாறை தெரிய மெலிந்திருந்தது. அத்தை முழுகி, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, ஈரச் சேலையை நீரில் விட்டுப் படியேறத் தொடங்கினாள். சேலை வெகுதூரம் போகவில்லை. பாறையிடுக்கில் ஏற்கெனவே கிடந்த துணிகளோடு சிக்கி நின்றது. சற்று நேரத்தில் அங்கிருந்து கீச்சென்று ஒரு சத்தம். நீர்நாய்க் குட்டி. கழுத்தில் சேலை சுற்றியிருந்தது. நீரோட்டம் இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகி, தலை நீருக்குள் முங்கி முங்கி எழுந்தது. தாய் சீறிக்கொண்டே பாறையைச் சுற்றி வந்தது.

மில்லில் நூல் அறுக்கும் சின்னக் கத்தி அம்மாவின் இடுப்பில் இருந்தது. அதோடு இறங்கிவிட்டாள்.

“ஏம்மா, கையக் கடிச்சு எடுத்துரும். அதுவா கழட்டிக்கிட்டுப் போயிரும், விடு,” என்றார் குளித்துக்கொண்டிருந்த ஒருவர்.

“அது எப்படிக் கழட்டும் அண்ணாச்சி? நீங்க வந்து இந்த முனையப் பிடிங்க.”

அவர் அவசரமாக முதுகு தேய்க்க ஆரம்பித்தார்.

யாராவது முனையைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராக இழுத்தால்தான் சுருக்கு தளரும், கத்தி உள்ளே போகும். நான் இழுத்துப் பார்த்தேன். சேலைதான் என்னை இழுத்தது.

“மதினி, இங்கன வாங்க!”

அத்தை நின்றாள். முதுகு எங்கள் பக்கம். “நான் திரும்பக் கூடாதுல்லா?”

“திரும்பாண்டாம். பின்னாலயே பைய இறங்குங்க. ஏலே, அத்தையப் பிடிச்சுக்கோ.”

பாசி படிந்த படிகள். அத்தை வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பின்னோக்கி இறங்கினாள். கண்களை இறுக மூடியிருந்தாள். மறு கையால் என் தோளைப் பற்றியிருந்தாள். ஒரு படியில் கால் வழுக்க, அம்மா குட்டியை மறந்து அலறினாள்.

“இன்னும் ஒரு படிதான் அத்தை,” என்றேன்.

முட்டளவு நீரில் நின்று கைகளைப் பின்னால் நீட்டினாள். சேலை முனையை அந்தக் கைகளில் வைத்தேன். விரல்கள் உடனே மூடவில்லை. குட்டியின் சத்தம் நின்றிருந்தது. பிறகு மூடி, இழுத்தாள்.

அம்மா அறுத்தாள். குட்டி இருமி, அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டுத் தாயிடம் போய்ச் சேர்ந்தது.

அத்தை சேலையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். “விட்டது திரும்பக் கைக்கு வந்துட்டே. எம் பிள்ளைக்கு என்ன ஆகுமோ.”

அம்மா ரத்தம் சொட்டும் கையால் சேலையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். “இது இனி எஞ்சேலை. உங்களுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல. எந்திரிங்க, பஸ் போயிரும்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. நேரம் பார்த்துப் பறித்துக்கொண்டாளே என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அன்றே கிழிசலைத் தைத்து, மறுநாள் மில்லுக்கு உடுத்திப் போனாள். அடுத்து வந்த மாதங்களில் துவைத்துத் துவைத்து அதையே கட்டினாள். அத்தைக்கு மகள் பிறந்த செய்தி வந்த அன்று, அதை அடுப்படித் துணிக்குக் கிழித்துப் போட்டாள்.

அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட சேலை அம்மாவுக்கு எப்படி ஒரே நாளில் சலித்தது என்பதுதான் அன்று எனக்குப் புரியவில்லை.